உன்னைத் தெரியாதவர்களின் அறை

ஜனவரி 8

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நானும் என் முழங்காலும் ஏதோ இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? வழக்கத்துக்காக எழுதுகிற வரி இல்லை இது. உன் கடிதத்தைப் படித்த பிறகு உண்மையாகவே கேட்கிறேன்.

வரிசை போட்டு எழுதாவிட்டால் பாதியில் பயந்து நிறுத்திவிடுவேன். ஆகவே நான் சொல்லப்போவது:

1. உன் விஷயத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன்.
2. நீ கேட்ட கூட்டத்தைத் தேடித் தருவேன்.
3. அது உன்னை ஒருவருக்கும் தெரியாத இடமாக இருக்க வேண்டும்.
4. முதலில் நான் போய்ப் பார்த்த பிறகே நீ வர வேண்டும்.
5. இதற்கு நான் சரியான ஆள்தானா?

முதலாவதற்கு விளக்கம் தேவையில்லை. உன் அண்ணி போன பிறகு நான் விஷயம் சொல்வதற்கென்று யாரும் இல்லை.

இரண்டாவது. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டங்கள் இந்த ஊரில் நிச்சயம் இருக்கும். மேட்ரன் உன்னை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து துணி அறைக்கு மாற்றியதையும், வருஷத்தின் நடுவுக்குள் கை நடுக்கம் நின்றால்தான் திரும்பத் தியேட்டர், இல்லாவிட்டால் வேலையே இல்லை என்று சொன்னதையும் எழுதியிருக்கிறாய். அவகாசம் குறைவு என்பது புரிகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். உன் ஊர் சிறியது. அங்கே பாதிப் பேர் மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தவள் நீ. அவர்கள் முன்னால் போய் உட்கார்ந்து நீ எப்படி வாய் திறப்பாய்? என் ஊர் பெரியது, ரயிலில் இரண்டு மணி நேரம்தான். இங்கே உன் முகம் யாருக்கும் தெரியாது.

நான்காவது, தவறான கதவைத் தட்டி நீ அவமானப்படக்கூடாது. தட்டிப் பார்ப்பது என் வேலை.

ஐந்தாவதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தக் கடிதம் தபாலுக்குப் போகாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியவன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுதிவிட்டு நலமாக முயற்சி செய்கிறேன். உங்கள் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கடிதம் கண்டு சிரித்தேன், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வரிசை எண் போட்டு அன்பு காட்டுகிற ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

துணி அறையில் வேலை கஷ்டமில்லை. பச்சைத் துணி, வெள்ளைத் துணி, உறை, போர்வை. எண்ணி அடுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். கஷ்டம் வேறு. சுவருக்கு அந்தப் பக்கம் தியேட்டர். தட்டில் கருவிகள் வைக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கை தானாக நீள்கிறது. என்னை மாற்றுவதற்கு முந்தின ஆபரேஷனில் நான் கொடுத்த கிளாம்ப் இடுக்கி தட்டில் பட்டுக் கடகடவென்று ஆடியது. சர்ஜன் திட்டவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

உங்கள் மூன்றாவது விஷயம் எனக்கும் சம்மதம். அதனால்தான் உங்களைக் கேட்டேன்.

போனில் கூப்பிட வேண்டாம். நர்ஸ் விடுதிச் சுவர் காகிதம் மாதிரி. நான் இருமினால் பக்கத்து அறையிலிருந்து தண்ணீர் வருகிறது. இன்னொரு காரணமும் உண்டு. போனில் நீங்கள் நான் சொல்வதைக் கேட்க மாட்டீர்கள், நாக்கு குழறுகிறதா என்று கேட்பீர்கள். கடிதமே நல்லது.

சீக்கிரம் தேடுங்கள் அண்ணா. வானிலை நிலையத்தில் முப்பது வருஷம் மழையைத் தேடியது போல வேண்டாம். நீங்கள் மழை என்று சொன்ன நாளில்தான் நான் துணி காயப்போடுவேன், ஞாபகம் இருக்கட்டும்.

உங்கள் சின்னவள்


பிப்ரவரி 2

அன்புள்ள சின்னவளுக்கு,

சளி பிடித்துத் தேறிவிட்டேன். உனக்குச் சாப்பாடு இறங்குகிறதா?

நூலக அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு இருந்தது. அந்த எண்ணை அழைத்தேன். கரகரத்த குரல் ஒன்று “சொல்லுங்க” என்றது. வைத்துவிட்டேன். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் நான் வாயைத் திறக்கும் முன்பே அந்தக் குரல், “வைக்காதீங்க. வியாழக்கிழமை சாயங்காலம், பெரிய பாலத்துக்குப் பக்கத்துல டயர் கடை, மாடி. இப்ப வைங்க” என்றது.

போனேன். மாடிப்படி தெருவைப் பார்த்து இருக்கிறது, அது ஒரு குறை. யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைச் சுற்றி வந்தேன். திரும்பவும் சுற்றினேன். படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முன்கையெல்லாம் அடுப்புச் சூடு பட்ட தழும்பு. பேக்கரியில் வேலை செய்கிறவள் என்று பிறகு தெரிந்தது.

“பெரியவரே, டயர் வாங்க வந்தீங்களா, மேல வர வந்தீங்களா?”

“சும்மா...”

“மேல இருக்கற எல்லாரும் சும்மா வந்தவங்கதான். வாங்க, முட்டி வலிச்சா என் தோளப் பிடிச்சுக்கங்க.”

உள்ளே வட்டமாக நாற்காலிகள். நடுவில் ஒன்றும் இல்லை. மூலையில் டீ, பிஸ்கட். ஒவ்வொருவராகப் பேசினார்கள். என் முறை வந்தபோது, கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்றார் ஒருவர். நான் குடித்ததே இல்லை என்றேன். உண்மைதானே. அறை முழுவதும் சிரித்தது. கேலியாக இல்லை, அன்பாகத்தான்.

“நானும் அப்படித்தான் சார் சொன்னேன்” என்றார் ஒரு பஸ் ஓட்டுநர். “டாக்டர்கிட்ட, பொண்டாட்டிகிட்ட, கண்ணாடிகிட்ட. பரவால்ல, உக்காருங்க. இங்க பொய்யோட வந்தாலும் உள்ள விடுவோம்.”

தங்கைக்காக வந்தேன் என்றால் எந்த ஊர், என்ன வேலை என்று பேச்சு வளருமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஆக, எழுபத்து நான்கு வயதில் நான் குடிகாரனாகிவிட்டேன்.

முடிவு: இந்த இடம் உனக்கு ஆகாது. அந்த ஓட்டுநர் உன் ஊருக்குத்தான் பஸ் ஓட்டுகிறார். வண்டி போய் நிற்பதே உன் ஆஸ்பத்திரிக்கு எதிரில். வேறு இடம் பார்க்கிறேன்.

பெரியவன்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

சளிக்கு மாத்திரை போட்டீர்களா, அல்லது போடலாமா வேண்டாமா என்று யோசித்தே தேறினீர்களா?

நீங்கள் குடிகாரரானதை நினைத்து துணி அறையில் தனியாகச் சிரித்தேன். சலவைப் பிரிவில் மெஷின் ஓட்டுகிறவர் மூட்டையோடு வந்து, “என்ன சிஸ்டர், இன்னைக்கு நல்லாருக்கீங்க போல” என்றார். அன்று நல்லாத்தான் இருந்தேன்.

ஒன்று கேட்கிறேன். மாடிப்படி எழுதினீர்கள், நாற்காலி எழுதினீர்கள், பிஸ்கட்கூட எழுதினீர்கள். அங்கே போய்விட்டுத் திரும்பும்போது மனசு எப்படி இருந்தது என்று எழுதவில்லையே? கூட்டம் நல்ல கூட்டமா?

எனக்கு வியாழக்கிழமை ஓய்வு நாள். ஓட்டுநர் இருந்தால் இருக்கட்டும் என்று சில நேரம் தோன்றுகிறது. வரட்டுமா அண்ணா? வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உங்கள் சின்னவள்


மார்ச் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிப்பாய். உடம்புக்கு ஒன்றுமில்லை, யோசனைதான். உனக்குத் தூக்கம் வருகிறதா?

அவசரப்படாதே. ஓட்டுநர் நல்லவர்தான். ஆனால் நல்லவர்களும் பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை விட்டுவிடுவார்கள். அந்த வார்த்தை பஸ் ஏறி உன் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும். வேலை திரும்பக் கிடைக்க வேண்டிய நேரத்தில் இது வேண்டாம்.

இதற்கிடையில் மேலும் இரண்டு இடங்கள் பார்த்தேன். ஒன்று ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டு. போனால் பூட்டு. காவலாளி, “அவங்க போன வருஷமே காலி பண்ணிட்டாங்களே, நீங்க ரொம்ப மெதுவா திருந்தறீங்க” என்றான். மற்றொன்றில் எல்லாரும் இளைஞர்கள். நீ அங்கே அம்மாவாகிவிடுவாய், பேச மாட்டாய்.

ஓட்டுநர் இன்னோர் இடமும் சொன்னார். அது உனக்குச் சரிப்படாது. அதனால் இங்கே எழுதவில்லை.

டயர் கடை மாடிக்கு மட்டும் வியாழன்தோறும் போகிறேன். நின்றுவிட்டால் திரும்பக் குடிக்க ஆரம்பித்துவிட்டேன் என்று நினைப்பார்களே, அதற்காக. நாற்காலி போடுவதை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். பேர் சொல்லாத இடம் என்பதால் என்னை ‘வானிலை’ என்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் நாளைக்கு மழை உண்டா என்று கேட்கிறார்கள். வாய்ப்பு இருக்கலாம் என்கிறேன். அதற்கும் சிரிக்கிறார்கள்.

பொறுத்துக்கொள். சரியான இடம் கிடைக்கும்.

பெரியவன்


ஏப்ரல் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. என் கடிதம் வந்து சேர்ந்ததா? நலம் என்ற ஒரு வார்த்தையாவது எழுதேன்.

இடம் கிடைத்துவிட்டது. ஊரின் மறு கோடியில், ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கீழ்த்தளம். சனிக்கிழமை மாலை நடக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் கதவே தெரியாது. நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். உன் ஊர்ப்பக்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. வருவதும் போவதும் யாருக்கும் தெரியாது. பேசாமல் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனாலும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நானே அப்படித்தான் எழுந்து வந்தேன்.

வரும் மூன்றாவது சனிக்கிழமை மதிய ரயிலில் வா. நிலையத்தில், பெரிய கடிகாரத்துக்குக் கீழே நிற்பேன். குடை கொண்டுவருகிறேன்.

பெரியவன்


ஏப்ரல் 13

அண்ணா,

நலம். வருகிறேன். குடை வேண்டாம்.

சின்னவள்


ஏப்ரல் 23

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இதைக் கேட்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை கடிகாரத்துக்குக் கீழே நின்றேன். மதிய ரயிலில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். பெட்டி துடைக்கிறவர்கள் ஏறினார்கள். ஒருவேளை அடுத்த வண்டியோ என்று அதற்கும் நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். கோபம் இல்லை. கடைசியாக நீ எழுதிய கடிதத்தின் எழுத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோடு போட்ட தாளிலும் வரி இறங்கி ஓடியிருந்தது.

நான் உனக்கு எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் சொன்ன அந்த இன்னோர் இடம். அது உன் ஊரிலேயே இருக்கிறது. உன் ஆஸ்பத்திரித் தெருவில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே. செவ்வாய்க்கிழமை மாலை. பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும். நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. அங்கே உன்னைத் தெரிந்தவர்கள்தான் இருப்பார்கள். தெரிந்ததை எல்லாம் சொன்னதாக இருக்க வேண்டுமே என்பதற்காக மட்டும் எழுதுகிறேன். காப்பீட்டு அலுவலகம்தான் நல்லது என்பது இப்போதும் என் எண்ணம்.

எப்படியாவது இரு. ஆனால் இரு.

பெரியவன்


ஜூன் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குத் தூக்கம் வருகிறது, சாப்பாடு இறங்குகிறது. இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படியுங்கள்.

அந்தச் சனிக்கிழமை டிக்கெட் வாங்கினேன். பயணிகள் அறையில் உட்கார்ந்தேன். தைரியத்துக்காகக் கொஞ்சம் என்று பையிலிருந்ததை எடுத்தேன். ரயில் வந்தது, போனது. அங்கே என்னை யாரும் தேட மாட்டார்கள் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. உங்களை மறந்தே போனேன் அண்ணா. நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள் என்பது மறுநாள்தான் உறைத்தது.

பிறகு உங்கள் கடிதம். பிப்ரவரியிலேயே தெரியும் என்ற வரியைப் படித்து அதைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பொறுக்கி எடுத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்தால் அது ஒரு வசதி.

செவ்வாய்க்கிழமை கண்ணாடிக் கடைக்கு எதிரில் போய் நின்றேன். ஏறலாமா வேண்டாமா என்று. நாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். கடைசியில் ஏறினேன். கதவைத் திறந்தது யார் தெரியுமா? சலவை மெஷின் ஓட்டுகிறவர். தினமும் என்னிடம் துணி எண்ணிக் கொடுப்பவர்.

“வாங்க சிஸ்டர். ஒரு மாடி ஏற இத்தனை மாசமா?”

“நீங்களா?”

“நானேதான். சட்டை மட்டும் வேற.”

திரும்பி இறங்கப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “தியேட்டர் பச்சைத் துணி அடுக்கு, அடியில இருக்கற மடிப்பு. அந்த பாட்டில எத்தனை தடவ நான் பாத்துட்டு அங்கயே வெச்சேன் தெரியுமா?”

எனக்குக் காது வரை சுட்டது. “அப்ப எடுத்து வீச வேண்டியதுதானே?”

“வீசினா வேற எடத்துல ஒளிப்பீங்க. அப்புறம் எனக்கு எங்க இருக்குன்னே தெரியாம போயிடும். உக்காருங்க. டீ சுமாராத்தான் இருக்கும்.”

அன்று இரண்டு வார்த்தை பேசினேன். தானாக நிறுத்தப் போகாதே, உடம்பு தாங்காது என்று அவர்களே என்னை மறுநாள் டாக்டரிடம் அனுப்பினார்கள். மாத்திரையும் படுக்கையுமாகச் சில நாள். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

எழுந்த பிறகு அடுத்த செவ்வாய் போகவில்லை. பாட்டில் வாங்கி மேஜைமேல் வைத்திருந்தேன். மூடியைத் திறக்கவில்லை, திறக்கப் போகிறேன். கதவு அதிர்ந்தது. “சிஸ்டர்! துணிக்கணக்கு இடிக்குது, உடனே வாங்க!” விடுதி முழுவதும் கேட்டிருக்கும். திறந்தால் சலவைக்காரர் சீருடையில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் துணிக்கும் கணக்கிற்கும் சம்பந்தமே இல்லாத, கூட்டத்துக்கு வருகிற கண்ணாடிக் கடைக்காரர், ஒரு போர்வையை மடித்துக் கையில் ஏந்திக்கொண்டு, தலை குனிந்து நிற்கிறார். பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்து, “போயிட்டு வாங்க அக்கா, எண்ணிக்கை குறைஞ்சா உங்களத்தான் கேப்பாங்க” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனேன். பாட்டிலை அந்தப் போர்வைக்குள் சுற்றி அவர்களே எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாயும் விடவில்லை. மேட்ரன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பதில் எழுதுங்கள்.

உங்கள் சின்னவள்


ஜூன் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு சரியில்லையா? இந்தத் தடவை கடிதம் வராமல் தவிப்பது நான். நான் பட்ட கோபத்தை எழுதியதால் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்களா? உங்களை எனக்குத் தெரியும். இப்போது எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருப்பீர்கள்.

நேற்று மேட்ரன் கூப்பிட்டார். ஒரு கண்ணாடித் தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, “இத அந்த மேஜைல கொண்டு வைங்க” என்றார். கொண்டு வைத்தேன். ஒன்றிரண்டு சொட்டு சிந்தியது. பார்த்தார். “எனக்கே இவ்வளவு சிந்தும்” என்றார். திங்கட்கிழமை காலை ஒரு சின்ன ஆபரேஷன். அதே சர்ஜன். தட்டு என்னிடம். சரியாக இருந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் துணி அறையும் கிடையாது.

பயமாக இருக்கிறது. மழை வருமா அண்ணா?

உங்கள் சின்னவள்


ஜூன் 27

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ சொன்னது சரி, மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நான்காவதை விரைவுத் தபாலில் சேர்க்கிறேன், திங்களுக்கு முன்னால் உன் கையில் இருக்க வேண்டும். திங்கள் எப்படி முடியும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் மழை என்று சொல்லி நீ துணி காயப்போட்டது போதும்.

வியாழன் அன்று டயர் கடை மாடியில் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் குடிகாரன் இல்லை, தங்கைக்காக வந்தவன், இத்தனை நாள் ஏமாற்றிவிட்டேன் என்றேன். பேக்கரிப் பெண் டீயைக் கீழே வைக்காமலேயே சொன்னாள்:

“தெரியும் வானிலை. நடுங்கற கைக்காரங்க நாங்க, எங்களுக்குப் பாதி டீ சாசர்ல. உங்க சாசர் மட்டும் எப்பவும் காஞ்சே இருக்கு.”

“அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?”

“நாற்காலி நல்லா போடறீங்க. அதான்.”

ஓட்டுநர், “தங்கச்சி எப்படி இருக்காங்க?” என்று மட்டும் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. எந்த ஊர், என்ன வேலை, எதுவும் இல்லை. நான் ஐந்து மாதம் பயந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான். மனசு எப்படி இருந்தது என்று பிப்ரவரியில் கேட்டாயே, அன்று பதில் எழுதவில்லை. நன்றாக இருந்தது சின்னவளே. நான் வராவிட்டால் தேடுவார்கள் என்று தெரிந்துகொண்டு வீடு திரும்புவது, உன் அண்ணி போன பிறகு எனக்கு அதுதான் முதல் தடவை.

கடைசியாக ஒன்று. என் முதல் கடிதத்தை இன்னும் வைத்திருந்தால், ஒரு திருத்தம் செய்துகொள். நான் எழுதிய ஐந்தில் மூன்றாவது தவறு. உன்னை ஒருவருக்கும் தெரியாத இடத்தைத் தேடினேன். அப்படி ஓர் இடம் இருந்தது. அது உன் ஊர் ரயில் நிலையத்தின் பயணிகள் அறை. நீ வராததை அன்று உலகத்தில் ஒரே ஒருவன்தான் கவனித்தான். அவனும், உன் கதவைத் தட்ட ரயில் ஏறாமல், குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

பெரியவன்